பழத்தோலில் இருப்பதும் குப்பியில் வருவதும்

மருந்தகச் சாளரத்துக்கு வருவோரிடம், "மருத்துவர் எழுதித் தந்தவை அல்லாமல் வேறு ஏதேனும் உட்கொள்கிறீர்களா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். "ஒன்றும் இல்லை" என்பதே பெரும்பாலும் முதலில் வரும் விடை. உடன் வந்திருக்கும் மகளோ மருமகளோ சற்றுப் பொறுத்து, "அந்தத் திராட்சை விதை மாத்திரை சாப்பிடுகிறீர்களே" என்று நினைவூட்டுவார். "அது மருந்தா? பழந்தானே!" என்பார் பெரியவர். பழத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் பழமும் ஒன்றுதானா என்பதை நோயாளிகளும் உடனிருந்து பார்த்துக்கொள்வோரும் தெளிவாக அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

திராட்சை விதைச் சத்து, ஆரஞ்சுத் தோல் சத்து, மாதுளைத் தோல் பொடி, குடம்புளிச் சத்து எனப் பல பெயர்களில் இப்பொருள்கள் இன்று கடைகளிலும் கைப்பேசி வழி வணிகத்திலும் கிடைக்கின்றன. இவற்றுள் பலவற்றின் பிறப்பிடம் பழச்சாறும் பழக்கூழும் ஒயினும் செய்யும் ஆலைகளின் கழிவு. கழிவு என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. வாழைக்காய்த் தோலையும் பீர்க்கங்காய்த் தோலையும் துவையலாக்கி, நார்த்தங்காயைத் தோலோடு உப்பிலிட்டு உண்ணும் நம் வீடுகளுக்குத் தோலின் அருமையை எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோலிலும் விதையிலும் அப்படி என்ன இருக்கிறது? தாவரத்துக்கு ஓடவும் ஒளியவும் இயலாது. வெயில், பூஞ்சை, பூச்சி ஆகிய யாவற்றையும் நின்ற இடத்திலேயே எதிர்கொள்ள வேண்டும். அதற்காக அது உண்டாக்கிக்கொள்ளும் பொருள்களே நமக்குத் துவர்ப்பாகவும் கசப்பாகவும் நிறமாகவும் மணமாகவும் தெரிகின்றன. பழத்தின் சதை, விதையைத் தூக்கிச் செல்லும் பறவைக்கும் விலங்குக்கும் தரப்படும் கூலி. எனவே அது இனிக்கிறது. காவல் வேலை தோலுக்கும் விதைக்கும் உரியது. எனவே காவற்பொருள்கள் அங்கேதான் மிகுதியாகச் சேர்கின்றன. பாலிபீனால்கள், பிளேவனாய்டுகள், கரோட்டினாய்டுகள் என்று அறிவியல் நூல்கள் குறிப்பவை இவையே. பிற உயிர்களை விலக்கி நிறுத்துவதற்கென அமைந்த பொருள் நம் உடலுக்குள் சிறிதளவில் நன்மையும் பேரளவில் தீமையும் செய்யக்கூடும் என்பதில் வியப்பில்லை.

கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கூழ் ஆலைகளுக்குப் பருவந்தோறும் கிளிமூக்கு மாம்பழம் வண்டி வண்டியாகச் செல்கிறது. கூழ் போக மிஞ்சும் தோலும் கொட்டையும் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவதில்லை. கொட்டைப் பருப்பின் கொழுப்பு சாக்லேட் தொழிலுக்கும் அழகுப்பொருள் தொழிலுக்கும் பயன்படுகிறது. தோலில் மாஞ்சிபெரின் என்னும் பொருள் இருக்கிறது. ஆய்வகத்தில் அது காட்டும் குணங்கள் ஆர்வமூட்டுபவை. அதே தோலில், சேங்கொட்டையின் உறவென்று சொல்லத்தக்க, தோல் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும் பொருளும் இருக்கிறது. மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணானவர்களுக்கு இது தெரியும். ஒன்றை எடுத்து மற்றொன்றை விலக்குவதுதான் பிரித்தெடுக்கும் தொழிலின் முதற்கடமை.

நம் வயலிலும் ஒரு பழம்

தாவரவியல் நூல்கள் நெல்மணியையும் ஒரு கனியாகவே வகைப்படுத்துகின்றன. அது தோலும் விதையும் பிரியாமல் ஒட்டிக்கொண்ட உலர்கனி. அதன் தோலே அரிசி ஆலையில் தவிடாக வெளியேறுகிறது. அந்தக் கணக்கில், கழிவிலிருந்து நலம் தரும் பொருளைப் பிரித்தெடுத்த கதைகளுள் தலையாயது நம் பயிரைச் சார்ந்தது.

1890-களில் ஜாவாத் தீவின் படேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் வீங்கி உயிரைக் கொள்ளும் நோய் அது. அவர் வளர்த்த கோழிகளுக்கும் கால் விழுந்தது. பின்னர் அவை தாமாகவே தேறின. காரணத்தை விசாரித்தபோது, இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு கோழிகளுக்கு இடப்பட்டிருந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் அதைத் தர மறுத்ததால் தவிடு நீங்காத அரிசிக்கு மாறியதும் தெரியவந்தன. இந்த ஆய்வுக்காக அவருக்கு 1929-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தவிட்டில் ஏதோ இருக்கிறது என்பது அத்துடன் தெரிந்துவிட்டது. எது, எவ்வளவு என்பது தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை கண்டவருள் ஒருவர் இராபர்ட் வில்லியம்ஸ். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1886-இல் பிறந்தவர். 1910-இல் மணிலாவில் தவிட்டுச் சாற்றை ஆராயத் தொடங்கினார். பெரிபெரி கண்ட பச்சிளங்குழந்தைகள் அச்சாற்றால் பிழைத்ததைக் கண்ணாரக் கண்டார். ஆயினும், அப்பொருளின் அமைப்பை முழுமையாக அறிந்து ஆய்வகத்திலேயே உருவாக்கியது 1936-இல்தான். இடையே 26 ஆண்டுகள். அதுவே தயமின் எனப்படும் பி1 வைட்டமின். மது மிகுந்து உணவு குறைந்து நலிந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோருக்குக் குளுகோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் ஊசி போடப்படுவதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். தவிட்டிலிருந்து தொடங்கிய அந்த நெடும்பயணத்தின் முடிவே அச்சிறு குப்பி. அதில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பது எழுதப்பட்டிருக்கிறது. எவருக்கு எவ்வளவு தேவை என்பதும் தெரிந்திருக்கிறது.

சென்னை மாகாணத்தின் வடகோடியில், பச்சரிசியைத் தீட்டி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்த காலத்திலும், புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாகவே இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிரித்தெடுத்தலையே தலைகீழாக்கி, தோலின் சத்தை உள்ளே செலுத்தும் தொழில்நுட்பம் என்று இதைச் சொல்லலாம். நம் பாட்டிமார் இதற்கு எந்தப் பெயரும் சூட்டவில்லை.

தவிட்டின் கதை அத்துடன் முடியவுமில்லை. மழைக்காலத்தில் அறுவடையாகும் ஈர நெல்லைக் காக்கும் வழி தேடி, 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அதுவே படிப்படியாக வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனமாக இயங்குகிறது. நெல் மட்டுமன்றி, பழம், காய், தேங்காய் எனப் பலவற்றின் பதப்படுத்தலும் அங்கே ஆராயப்படுகின்றன. வாழைக்கெனத் தனியாக ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் 1993 முதல் திருச்சிராப்பள்ளியில் உள்ளது. கழிவைப் பொருளாக்கும் அறிவு நமக்குத் தொலைவில் இல்லை.

தவிட்டு எண்ணெயைப் பற்றிப் பலரும் கேட்பதால் ஒரு சொல். அரைத்த சில மணி நேரத்திலேயே தவிட்டிலுள்ள ஒரு நொதி அதன் எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கிவிடும்; உடனே சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் உண்ணத்தக்க எண்ணெய் கிடைக்கும். அதிலுள்ள ஒரைசனால் என்னும் பொருள் கொழுப்பைச் சிறிதளவு குறைக்க உதவுகிறது. ஆனால் சுத்திகரிக்கும் முறையைப் பொறுத்து அதில் பெரும்பகுதி எண்ணெயிலிருந்து நீங்கிவிடவும் கூடும். எந்த எண்ணெயாயினும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். இதயத்துக்கு நல்லது என்று எண்ணி வடை சுடும் அளவைக் கூட்டினால், ஒரைசனால் வந்து காப்பாற்றாது.

எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. காப்பிக்கு டிகாக்ஷன் இறக்கத் தெரிந்தால் போதும். பொடியின்மேல் வெந்நீர் இறங்குகிறது. நீரில் கரைவன கரைந்து கீழே வருகின்றன. கரையாதவை வடிகட்டியில் தங்குகின்றன. பொடி நைசாக இருந்தால் ஒரு சுவை, நீர் ஆறியிருந்தால் ஒரு சுவை, இரண்டாம் டிகாக்ஷனுக்கு வேறொரு சுவை. பழத்தோலிலும் இதுவே நிகழ்கிறது. முதலில் தோலை விரைந்து உலர்த்த வேண்டும். இல்லையேல் ஓரிரு நாளில் புளித்துப் பூஞ்சை பிடித்துவிடும். பிறகு பொடித்து, தகுந்த கரைப்பானில் ஊறவைக்க வேண்டும். நீரில் கரைவனவற்றுக்கு நீர். துவர்ப்புப் பொருள்களுக்குச் சாராயமும் நீரும் கலந்த கலவை. எண்ணெய்த் தன்மை உள்ளவற்றுக்கு ஹெக்சேன். பேரழுத்தத்தில் திரவம் போலாகிவிடும் கரியமில வாயுவைக் கரைப்பானாகப் பயன்படுத்தும் முறையும் உண்டு. அழுத்தத்தைத் தளர்த்தியதும் வாயு பறந்துவிடுவதால் எச்சம் நிற்பதில்லை. இறுதியில் கரைப்பானை ஆவியாக்கி நீக்கி, மிஞ்சும் பசையை மேலும் பிரித்துத் தூய்மைப்படுத்துகிறார்கள்.

நோயாளிக்கு இதில் கவனிக்கத்தக்கவை சில உண்டு. முதலாவது செறிவு. ஒரு நாளில் இரண்டு ஆரஞ்சுகளுக்கு மேல் உண்பவர் அரிது. வயிறே போதும் என்று சொல்லிவிடும். பல பழங்களின் தோலில் பரவிக் கிடப்பதை ஒரு சிறு வில்லைக்குள் அடக்கும்போது அந்த இயற்கையான தடை நீங்கிவிடுகிறது. அடுத்தது, வேண்டியதோடு வேண்டாததும் செறிவதாகும். பூச்சிமருந்தின் எச்சம் தங்குவதும் தோலில்தான். அதை நீக்கும் வேலையைச் செய்யாத ஆலையின் பொடியில் அதுவும் கூடவே வரும். ஒரே பெயரில் வரும் இரு குப்பிகளில் ஒரே அளவு இருக்கும் என்ற உறுதியும் இல்லை. பழத்தின் இரகம், முதிர்ச்சி, பருவம், கரைப்பான் ஆகிய எல்லாமே அளவை மாற்றும். வீட்டில் தோலை வெயிலில் காயவைத்து இடித்துச் சலித்து உண்பது பிரித்தெடுத்தல் அன்று. அது வெறும் தோற்பொடி. சமையலில் சேரும் அளவில் தீங்கில்லை. மருந்தென்று கரண்டி கரண்டியாக உண்பதற்குரியதும் அன்று.

கழிவிலிருந்து மருந்துச் சீட்டுக்கு வந்தவை

மூல நோய்க்கோ, கால் நரம்பு சுருண்டு வீங்குவதற்கோ சிகிச்சை பெறுவோரின் மருந்துச் சீட்டில் டயோஸ்மின், ஹெஸ்பெரிடின் என்னும் இரு பெயர்களைக் காணலாம். ஆரஞ்சுத் தோலின் உட்புறமுள்ள வெள்ளைப் பகுதியிலிருந்து ஹெஸ்பெரிடினைப் பிரெஞ்சு வேதியியலாளர் லெப்ரெட்டன் 1828-இல் பிரித்தெடுத்தார். சுளையை உரிக்கும்போது நாம் கிள்ளி எறிகிறோமே, அந்த வெண்பஞ்சுதான். டயோஸ்மின் இன்று பெரும்பாலும் ஹெஸ்பெரிடினிலிருந்தே செய்யப்படுகிறது. பரவலாகப் பயன்படும் 500 மில்லிகிராம் மாத்திரையில் 450 மில்லிகிராம் டயோஸ்மினும் 50 மில்லிகிராம் ஹெஸ்பெரிடினும் இருக்கும். அவ்வாறாயின் ஆரஞ்சுத் தோலையே மென்று தின்னலாமே என்று கேட்கலாம். தோலில் இப்பொருள் எளிதில் கரைவதில்லை; குடலிலிருந்து இரத்தத்தில் கலப்பதும் குறைவு. அதனாலேயே மாத்திரையில் அதை மிக நுண்ணிய துகளாக்குகிறார்கள். ஒரு பொருளைக் கண்டுபிடிப்பதற்கும் அது வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேருவதற்கும் இடையே இத்தனை வேலை இருக்கிறது.

அடுத்தது அன்னாசி. அன்னாசிப் பழம் தின்றால் நாக்கு எரிவதற்குக் காரணம், புரதத்தை அறுக்கும் புரோமெலைன் என்னும் நொதி. பழச்சாற்றில் இது இருப்பது 1891-லேயே அறியப்பட்டிருந்தாலும், அறுவடைக்குப்பின் தோட்டத்தில் வீணாகும் தண்டிலேயே அது மிகுதி என்பது 1957-இல்தான் தெரியவந்தது. அதன் பின்னரே விலை மலிந்து, பேரளவில் கிடைக்கலாயிற்று. அறுவை சிகிச்சைக்கும் அடிபட்ட காயத்துக்கும் பின்னர் வீக்கம் வடிய எழுதித் தரப்படும் டிரிப்சின், புரோமெலைன், ரூட்டோசைடு கூட்டு மாத்திரை நம் நாட்டில் பலருக்கும் தெரிந்ததே. அதை வெறும் வயிற்றில் உண்ணச் சொல்வதற்குக் காரணம், உணவோடு சேர்ந்தால் நொதி தன் வேலையை உணவின்மேல் காட்டிவிடும் என்பதே. அதன் பயன் மிதமானது என்றே நாங்கள் கூறுவோம்; வீக்கத்தை அது ஒன்றே வடித்துவிடும் என எதிர்பார்க்க வேண்டாம். தீக்காயத்தில் இதே தண்டின் நொதிக்கு இன்னும் அழுத்தமான இடம் கிடைத்துள்ளது. வெந்து இறந்த தோலை மட்டும் கரைத்து, உயிருள்ள தோலை விட்டுவைக்கும் களிம்பாக அது ஐரோப்பாவில் 2012-லும் அமெரிக்காவில் 2022-லும் ஒப்புதல் பெற்றது. கத்தியால் சுரண்டி எடுக்கவேண்டிய இடத்தில், தோட்டக் கழிவிலிருந்து வந்த நொதி அவ்வேலையைச் செய்கிறது.

மூன்றாவதான பெக்டினுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. சாறு பிழிந்த எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுக்கப்படுவது. ஜாம் உறைவதற்குக் காரணமானது. நாளொன்றுக்கு 6 கிராம் பெக்டின் கொழுப்பின் அளவைச் சீராக வைக்க உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஏற்றுக்கொண்டது. குடல் அறுவைக்குப்பின் வயிற்றில் பை பொருத்திக்கொண்டவர்கள், பையின் வாயைச் சுற்றித் தோலைக் காக்கும் மஞ்சள் நிற வில்லையை அறிவார்கள். அவற்றுள் பலவற்றில் சேரும் பொருள்களுள் பெக்டினும் ஒன்று. இதுபோன்ற நார்ப்பொருளை உட்கொள்வோர் தைராய்டு மாத்திரை முதலியவற்றை அதனோடு சேர்த்து உண்ணலாகாது. நார் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.

சோதனையில் தோற்றவை

நல்லது என்று எல்லோரும் நம்பிய ஒன்று தீங்கானதாக முடிந்த வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். மாம்பழத்துக்கும் பப்பாளிக்கும் மஞ்சள் நிறம் தருவது பீட்டா கரோட்டின். காயும் பழமும் மிகுதியாக உண்போருக்கும், இரத்தத்தில் இப்பொருள் கூடுதலாக இருப்போருக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்ட அறிஞர்கள், அதையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தனர். பின்லாந்தில் 29,133 ஆண்கள் சேர்ந்த ஆய்வு அது. அனைவரும் புகைபிடிப்போர். சிலருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் தரப்பட்டது, சிலருக்குத் தரப்படவில்லை. 1994-இல் முடிவு வெளியானபோது, மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இதே போன்ற ஆய்வும் இதே போக்கைக் காட்டவே, 1996-இல் அது முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. பப்பாளி உண்டவர்கள் நலமாக இருந்தார்கள். பப்பாளியின் நிறத்தைத் தனியே எடுத்து உண்டவர்கள் அவ்வாறு இல்லை. புகைபிடிக்கும் பழக்கமுள்ள எவரும் பீட்டா கரோட்டின் மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ண வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குடும்பங்களிடம் இன்றும் வந்துசேரும் இன்னொரு பொருள், சர்க்கரை பாதாம் என்றும் ஆப்ரிகாட் என்றும் வழங்கும் பழத்தின் கொட்டைப் பருப்பிலுள்ள அமிக்டாலின். 'பி17 வைட்டமின்' என்று அதற்குப் பெயர் சூட்டி விற்கிறார்கள். அது வைட்டமினே அன்று. உடலுக்குள் அது சயனைடாகப் பிரிகிறது. அமெரிக்காவில் மேயோ கிளினிக் உள்ளிட்ட மையங்களில் 178 புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1982-இல் வெளியானது. புற்று குறையவில்லை, ஆயுள் நீளவில்லை, சிலருடைய இரத்தத்தில் சயனைடு அபாய அளவை நெருங்கியது. தாவரத்தில் புற்றுநோய் மருந்தே இல்லை என்று நாங்கள் கூறவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வருகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் அது எத்தனையோ உயிர்களைக் காத்துள்ளது. ஆனால் அது உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு, இரத்தக் குழாய் வழியாக மட்டுமே செலுத்தப்படுகிறது. அச்செடியின் இலையை அரைத்துக் குடித்தால் அது நஞ்சு.

குப்பியின்மேல் 'ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றல்' என்று பெரிய எண் ஒன்று அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அந்த எண் சோதனைக் குழாயில் அளந்தது. உடலுக்குள் நிகழ்வது வேறு. அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுப்பொருள்களுக்கு இவ்வகை எண்களைத் தொகுத்து வெளியிட்டிருந்த பட்டியலை 2012-இல் தானே விலக்கிக்கொண்டது. விளம்பரங்கள் மட்டும் அதை விலக்கிக்கொள்ளவில்லை.

உங்கள் மருந்தோடு மோதுபவை

இதயவால்வு அறுவைக்குப் பின்னரோ, இரத்தக் கட்டி ஏற்பட்ட பின்னரோ அசெனோகூமரால், வார்பரின் முதலிய இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை உண்போர் நம் வட்டாரத்திலும் பலர். அவர்களுக்கு அளவு ஒரு மில்லிகிராம் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. அதற்காகவே அடிக்கடி இரத்தச் சோதனை செய்கிறோம். திராட்சை விதைச் சத்தும் புரோமெலைனும் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. ஈறில் இரத்தம், கருநிற மலம், அடிபடாமலே தோன்றும் நீலத் திட்டு ஆகியவற்றுள் ஏதேனும் கண்டால் அன்றே வர வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்போர், உட்கொள்ளும் சத்து வில்லைகளைப்பற்றி இரண்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

பம்பளிமாஸைப் பற்றிக் கேட்டால் பலர் வியக்கிறார்கள். 1989-இல் கனடாவில் டேவிட் பெய்லி என்பவரும் அவருடைய குழுவினரும் இரத்த அழுத்த மருந்து ஒன்றை ஆராய்ந்தபோது, ஆய்வில் கொடுத்த சாராயத்தின் சுவையை மறைக்க கிரேப்புரூட் சாற்றைக் கலந்தார்கள். மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பாராத அளவுக்கு ஏறியது. அப்பழத்திலுள்ள பியூரனோகூமரின்கள், குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுவதே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஒரு குவளைச் சாற்றின் விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். நம் கொல்லைகளில் காய்க்கும் பம்பளிமாஸ் அதன் நெருங்கிய உறவு. அதிலும் இப்பொருள்கள் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின், அட்டர்வாஸ்டாடின் உண்போரும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் உண்போரும் அப்பழத்தையும் அதன் தோலில் செய்த பண்டங்களையும் சத்துகளையும் தவிர்க்க வேண்டும். கமலா ஆரஞ்சும் சாத்துக்குடியும் பொதுவாக இந்தத் தொல்லையைத் தருவதில்லை.

எடை குறைக்கவென்று விற்கப்படும் குடம்புளிச் சத்து வேறு வகையில் கவலை தருகிறது. கேரளத்து மீன்குழம்பில் சேரும் அளவில் குடம்புளி நல்ல உணவு. அதன் ஓட்டிலிருந்து பிரித்த ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலத்தைச் செறிவாக உண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவ இதழ்கள் பலமுறை பதிவு செய்துள்ளன. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ, காரணமின்றிப் பசி அற்றுப்போனாலோ வில்லையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு

இப்பகுதியைச் சற்று விரித்தே எழுதுகிறோம். ஏனெனில் 'இயற்கையானது' என்ற சொல்லுக்காக மிகுந்த விலை கொடுப்பவர்கள் இவர்களே.

கேரளத்தில் இரும்பன்புளி என்று வழங்கும் பிலிம்பிக்காய், கொல்லைப்புறத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்து உதிர்ந்து வீணாவது. அதன் சாறு கொழுப்பைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டுக் குடித்த பத்துப் பேர், திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்த நிலையில் ஐந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட விவரம் 2013-இல் இந்தியச் சிறுநீரக மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்களுள் ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது. காயிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படிந்ததே காரணம். குழம்பில் ஓரிரு காய் போடுவதால் இப்படி நேர்வதில்லை. பல காய்களைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கும் செறிவே தீங்கு செய்தது. நல்வாய்ப்பாக, பத்துப் பேருக்குமே சிறுநீரகம் மீண்டும் செயற்பட்டது. முன்பே சிறுநீரகம் தளர்ந்திருப்பவருக்கு அந்த வாய்ப்பு கிட்டும் என்று சொல்வதற்கில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த நட்சத்திரப் பழத்தில் நரம்பைத் தாக்கும் நச்சுப்பொருளும் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்வோர் அதை ஒரு துண்டும் உண்ணலாகாது. தீராத விக்கலில் தொடங்கி மனக்குழப்பத்திலும் வலிப்பிலும் அது முடியக்கூடும்.

வாழையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமானது. தண்டிலும் தோலிலும் பொட்டாசியம் மிகுதி. தோலை உலர்த்தி மாவாக்கினால் அது மேலும் செறிகிறது. நல்ல சிறுநீரகம் மிகையான பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் அது இயலாது. இரத்தத்தில் தேங்கும் பொட்டாசியம் முன்னறிவிப்பின்றி இதயத்துடிப்பை நிறுத்திவிட வல்லது. கிரியேட்டினின் கூடியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் வாழைத்தண்டுச் சாறு, வாழைத்தோல் மாவு, எந்தப் பழத்தின் செறிவுச் சத்து ஆயினும், எங்கள் உணவியல் பிரிவைக் கேட்ட பின்னரே தொட வேண்டும்.

குப்பியை வாங்குமுன்

இத்தகைய பொருள்கள் இந்தியாவில் மருந்தாக அல்ல, உணவாகவே உரிமம் பெறுகின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்னும் வாசகம் ஆங்கிலத்தில் குப்பியின்மேல் இருந்தாக வேண்டும். 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். எழுத்து மிகச் சிறிதாக இருக்கும். வீட்டுப் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சர்க்கரை நோயை வேரோடு அறுக்கும், புற்றைக் கரைக்கும் என்று முன்புறத்தில் பெரிதாகவும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்று பின்புறத்தில் சிறிதாகவும் எழுதியிருக்கும் பொருளில் எதை நம்புவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

ஏற்கெனவே உண்டுகொண்டிருப்பவர்கள் தயங்க வேண்டாம். எவரையும் நாங்கள் கடிந்துகொள்வதில்லை. மறைப்பதே தீங்கு. அடுத்த முறை வரும்போது பெயரை நினைவில் வைத்துக்கொண்டு சொல்ல முயலாமல், குப்பியையே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எந்த நாளில் தொடங்கினீர்கள், நாளுக்கு எத்தனை, காலையிலா இரவிலா என்பதை ஒரு தாளில் குறித்து வந்தால் இன்னும் நல்லது. அதை உங்கள் மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, நோயாளிப் பதிவேட்டில் எழுதிக்கொள்வோம். அதன் பொருட்டு மருத்துவர் எழுதிய மருந்தை மட்டும் ஒருபோதும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.